பெருக்கி உள்ளமைந்த ஒலிபெருக்கி: வரலாறும் வீட்டுப் பழுதுநீக்கமும்

பெருக்கி உள்ளமைந்த ஒலிபெருக்கி என்பது, ஒலிக் குறிப்பைப் பெரிதாக்கும் மின்சுற்றும் (ஆம்ப்ளிபயர்) ஒலியை எழுப்பும் கூம்பும் ஒரே பெட்டிக்குள் அமைந்த கருவியாகும். கடைவழக்கில் இது 'ஆம்ப் ஸ்பீக்கர்', 'ஆக்டிவ் ஸ்பீக்கர்', 'கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்', 'ஹோம் தியேட்டர்' எனப் பல பெயர்களால் வழங்குகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் 1990-களிலும் 2000-களிலும் வாங்கப்பட்ட இத்தகைய பெட்டிகள் பல இன்று பரணில் கிடக்கின்றன, அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை முற்றாகக் கெட்டவை அல்ல. சில ரூபாய் விலையுள்ள ஒரு மின்தேக்கியோ, உளுத்துப்போன ஒரு விளிம்பு வளையமோதான் பல பெட்டிகளின் குறை. இக்கட்டுரை அக்கருவியின் வரலாற்றையும், தமிழ்நாட்டில், குறிப்பாக வேலூர் வட்டாரச் சூழலில், அதை வீட்டிலேயே சீர்செய்யும் எளிய முறைகளையும் கூறுகிறது.

உலக அளவில் தோற்றம்

இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை, காந்தப் புலத்துக்குள் அசையும் கம்பிச்சுருள் ஆகும். சுருளில் மாறும் மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை உண்டாக்குகிறது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வெர்னர் சீமென்ஸ் 1870-களிலும், இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் 1898-லும் இவ்வகை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் மெல்லிய குறிப்பைப் பெரிதாக்க வால்வு பெருக்கி அப்போது இல்லாததால் அவை பயனுக்கு வரவில்லை.

1915-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் ஆகிய இருவரும் அசையும் சுருளுடன் புனலைப் பொருத்தி 'மேக்னவாக்ஸ்' என்னும் ஒலிபெருக்கியை உருவாக்கினர். 1919 செப்டம்பரில் சான் டியேகோ நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பெருங்கூட்டத்துக்கு முன் இக்கருவியின் துணையுடன் பேசினார்.

புனல் இல்லாமல் காகிதக் கூம்பு நேரடியாகக் காற்றைத் தள்ளும் முறையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925-ல் விளக்கினர். அதன் விற்பனை வடிவமான 'ரேடியோலா 104' 1926-ல் வெளிவந்தது. அதன் பெட்டிக்குள் ஏறத்தாழ 1 வாட் திறனுள்ள பெருக்கியும் இருந்தது. ஆகவே, வீட்டுக்கு வந்த முதல் அசையும் சுருள் கூம்பு ஒலிபெருக்கியே பெருக்கி உள்ளமைந்த ஒலிபெருக்கியாக இருந்தது எனலாம். பின்னர்தான் பெருக்கி தனிப்பெட்டி, ஒலிபெருக்கி தனிப்பெட்டி என்னும் பிரிவு பரவியது.

பெட்டியின் அறிவியலும் இதே காலத்தில் வளர்ந்தது. பெட்டியில் காற்றுக்குழாய் வைத்து அடியொலியைக் கூட்டும் முறைக்கு பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-ல் காப்புரிமை பெற்றார். முழுதும் மூடிய சிறிய பெட்டியில் ஆழ்ந்த அடியொலி தரும் முறையை எட்கர் வில்ச்சர் 1954-ல் அறிமுகப்படுத்தினார். பெட்டியின் கொள்ளளவு, குழாயின் நீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டே முடிவுசெய்யும் வழியை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் வகுத்தனர். 1970-களில் பிலிப்ஸ் நிறுவனம் கூம்பின் அசைவை உணர்ந்து பிழையைத் திருத்தும் பெருக்கியைப் பெட்டிக்குள்ளேயே வைத்தது. வால்வுகளின் இடத்தில் டிரான்சிஸ்டரும், பிறகு ஒரு நகமளவு ஐசி-யும் வந்தபின் பெருக்கியைப் பெட்டிக்குள் அடக்குவது மிக எளிதாயிற்று.

தமிழ்நாட்டில்

சென்னை மாகாண வானொலி மன்றம் 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்டது. பணமுடையால் 1927-ல் அது நின்றது. 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. வானொலிப் பெட்டி வாங்க வசதியற்ற மக்கள் பொது இடங்களில் வைக்கப்பட்ட ஒலிபெருக்கிகள் வழியாகவே முதலில் ஒலிபரப்பைக் கேட்டனர். 1931-ல் 'காளிதாஸ்' வெளிவந்து பேசும்பட யுகம் தொடங்கியது. அதே பத்தாண்டில் 'சிகாகோ ரேடியோ' என்னும் பெயரில் மோட்வானி நிறுவனம் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கிகளை அமைத்துத் தந்தது. திருமணம், கோயில் திருவிழா, அரசியல் கூட்டம் எல்லாவற்றுக்கும் 'ரேடியோ செட்' கட்டும் வழக்கம் இந்தக் காலத்தின் தொடர்ச்சியே.

விடுதலைக்குப் பின் நெடுங்காலம் மின்னணுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஸ்டீரியோ செட் என்பது சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த உறவினரின் பெட்டியில்தான் வரும். இந்தத் தட்டுப்பாடே உள்ளூர்க் கைவினையை வளர்த்தது. '2என் 3055' என்னும் உலோகத் தொப்பி டிரான்சிஸ்டரைக் கொண்டு தெருமுனைக் கடையில் ஆம்ப்ளிபயர் கட்டப்பட்டது. தச்சர் மரப்பெட்டி செய்தார். மேலே ரெக்சின் ஒட்டப்பட்டது. 1969-ல் டில்லியிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'எலெக்ட்ரானிக்ஸ் பார் யூ' இதழின் சுற்றுப்படங்கள் பலருக்கு ஆசானாயின. கொல்கத்தாவில் 1970-ல் சோனோடைன் தொடங்கியது. கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் கண்ணூரில் மின்தேக்கிகளைச் செய்யத் தொடங்கியபின், உதிரிப் பாகத்துக்கு வெளிநாட்டை எதிர்பார்க்கும் நிலை ஓரளவு மாறியது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு தென்னிந்தியாவின் பெரிய மின்னணு உதிரிச் சந்தையாக உருவெடுத்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மெக்கானிக்குகளுக்கும் அதுவே பெருஞ்சந்தை. காலையில் ரயிலேறினால் மாலையில் சாமானுடன் வீடு திரும்பலாம்.

1980-களில் ஒலிநாடா வீடுதோறும் நுழைந்தது. கார் டேப்புக்காகச் செய்யப்பட்ட சான்யோவின் 'எல்ஏ 4440' ஐசி தமிழ்நாட்டில் தனிப் புகழ் பெற்றது. 12 வோல்ட் மின்சாரமும், ஓர் ஐசி-யும், பத்துப் பதினைந்து உதிரிகளும் போதும். ஒரு தேநீர்க் கடைக்கு வேண்டிய ஓசை கிடைத்துவிடும். 1991-க்குப் பின் சந்தை திறந்தது. கணினியோடு இரண்டு சிறு ஆம்ப் ஸ்பீக்கர்களும், பின்னர் 'டிடிஏ 2030' ஐசி பொருத்திய 2.1, 5.1 பெட்டிகளும் வந்தன. இன்று வீடுகளில் பழுதாகிக் கிடப்பவை பெரும்பாலும் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

வேலூர் வட்டாரமும் தோலும்

வேலூர், பாகாயம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என நீளும் இந்தப் பகுதி தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஒலிபெருக்கிக்கும் தோலுக்கும் பழைய உறவு உண்டு. 1920-களிலும் 1930-களிலும் செய்யப்பட்ட பல ஒலிபெருக்கிகளில் காகிதக் கூம்பின் விளிம்பைச் சட்டத்துடன் இணைத்தது மெல்லிய ஆட்டுத்தோல் வளையமே. தோல் வளையும், கிழியாது, தானாக அதிராது. பிறகு மடிப்புக் காகிதம், பூச்சிட்ட துணி, ரப்பர் ஆகியவை வந்தன. 1970-கள் முதல் பாலியூரித்தேன் நுரை பரவலாயிற்று. நுரை எடை குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் ஈரமும் வெப்பமும் அதை உளுக்கச் செய்கின்றன. பத்து முதல் இருபது ஆண்டுகளில் விரலால் தொட்டாலே அது பொடியாக உதிரும். தோல் வளையமுள்ள பழைய கருவிகள் சில இன்னும் பாடிக்கொண்டிருக்க, அவற்றைவிட மிகப் பின்னால் வந்த நுரை வளையங்கள் மண்ணாகிவிட்டன.

இவ்வட்டாரத்தில் இரண்டு இயற்கைக் காரணங்களைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, வெயில். கோடையில் வேலூரில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். மற்றொன்று, காற்று. தோல் பதனிடும்போது மயிர் நீக்கச் சல்பைடு சேர்மங்கள் பயன்படுகின்றன. கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அது செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும் என்பது பள்ளி வேதியியல் பாடம். பதனிடும் கூடங்களை அடுத்துள்ள வீடுகளில் இணைப்பு ஊசிகளும் சுவிட்ச் முனைகளும் விரைவில் கறுக்க வாய்ப்பு உண்டு. ஒலி விட்டுவிட்டு வந்தால் முதலில் ஊசிகளைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.

'வாட்' என்னும் மயக்கம்

பழைய பெட்டிகளின் முகப்பில் 'பிஎம்பிஓ 1000 வாட்' போன்ற எழுத்துகளைக் காணலாம். இது கண நேர உச்சத்தை விருப்பம்போல் கணக்கிட்ட விளம்பர எண். இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. உண்மைத் திறனை மாணவர்கள் தாமே கணக்கிடலாம்.

பெட்டிக்குள் 12-0-12 டிரான்ஸ்பார்மர் இருப்பதாகக் கொள்வோம். 12 வோல்ட்டை 1.414-ஆல் பெருக்கினால் 17 வோல்ட். டயோடில் ஏறத்தாழ 1 வோல்ட் இழப்பு போக, இருபுறமும் 16 வோல்ட் நேர்மின்சாரம் கிடைக்கும். பளு ஏறும்போது அது சற்று இறங்கும். ஐசி-யும் சிறிது விழுங்கும். ஆகவே ஒலிபெருக்கிக்குப் போகும் உச்ச மின்னழுத்தம் 13 வோல்ட் அளவே. 13-இன் வர்க்கமான 169-ஐ, 8 ஓம்மின் இருமடங்கான 16-ஆல் வகுத்தால் 10.5 வாட். ஒரு கூடத்தில் பாட்டுக் கேட்க இதுவே போதும். இந்தக் கணக்கை அறிந்தவர், 'பெரிய ஐசி போட்டால் சத்தம் கூடும்' என்னும் பேச்சை நம்பமாட்டார். டிரான்ஸ்பார்மரை மாற்றாமல் திறன் கூடாது.

ஏன் கெடுகின்றன

பழைய பெட்டிகளில் முதலில் தளர்வது மின்பகு மின்தேக்கி. கடைவழக்கில் 'கண்டன்சர்' அல்லது 'கெப்பாசிட்டர்'. அதனுள் இருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல உலர்கிறது. வெப்பம் 10 பாகை குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொதுவிதி. மேலுறையில் '85 பாகை' என்று அச்சிட்டு, 2000 மணி நேர ஆயுள் குறித்த மின்தேக்கி ஒன்று, பெட்டிக்குள் 45 பாகை இருந்தால் 32,000 மணி நேரம் தாங்கும். 55 பாகை இருந்தால் 16,000 மணி நேரமே. பல பெட்டிகளில் முன்புற சுவிட்சை அணைத்தாலும் டிரான்ஸ்பார்மர் உயிரோடு இருக்கும். 55 பாகையில் இரவும் பகலும் மின்சாரம் ஓடினால் 16,000 மணி நேரம் என்பது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. நாளுக்கு 5 மணி நேரம் மட்டும் ஓடினால் எட்டு ஆண்டுக்கு மேல். சுவர் சுவிட்சை அணைப்பது என்னும் ஒரு பழக்கத்தின் விலை இந்த வேறுபாடுதான்.

மின்னழுத்த ஏற்றமும் ஒரு காரணம். 'டிடிஏ 2030' ஐசி தாங்கக்கூடிய எல்லை இருபுறமும் 18 வோல்ட். வீட்டு மின்னழுத்தம் 230-லிருந்து 250-க்கு ஏறினால், மேற்சொன்ன 16 வோல்ட் 17.5-ஐ நெருங்கும், பாட்டு ஓடாத வேளையில் இன்னும் ஏறும். நள்ளிரவில் ஐசி வெடிப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மாற்றும்போது, 22 வோல்ட் வரை தாங்கும் 'டிடிஏ 2030ஏ' என்னும் வகையைக் கேட்டு வாங்குவது நலம். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டின்போது வீடுகளுக்கு வந்த மலிவான இன்வெர்ட்டர்களின் சதுர அலை, இப்பெட்டிகளில் இரைச்சலை உண்டாக்கியதையும் பலர் நினைவுகூர்வர்.

பூச்சிகளையும் மறக்கக்கூடாது. பின்புறக் காற்றுக்குழாயில் குளவி மண்கூடு கட்டும். பல்லி உள்ளே புகுந்து மின்பலகையில் மாண்டு கிடக்கும். எலி கம்பியைக் கடிக்கும். குழாயின் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை இறுகக் கட்டினால் இவற்றைத் தடுக்கலாம், ஒலி கெடாது.

பாதுகாப்பு

பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிரான்ஸ்பார்மரின் உள்வரும் பக்கத்தில் 230 வோல்ட் உள்ளது. அது உயிரைப் பறிக்கும். பெரிய மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டத்தை 100 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் வழியே இறக்க வேண்டும், திருப்புளியால் குறுக்கிடக்கூடாது. மாணவர்கள் பெரியவர் ஒருவர் உடனிருக்கவே இவ்வேலையைச் செய்ய வேண்டும். டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேரடி மின்சாரத்தில் இயங்கும் எஸ்எம்பிஎஸ் பலகையுள்ள பெட்டியைத் தொடக்கநிலையினர் திறக்காதிருப்பதே நன்று.

பழுதுபார்த்த பெட்டிக்கு முதல் முறை மின்சாரம் தரும்போது, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் 'சீரியஸ் பல்பு' பெரிதும் உதவும். 60 வாட் இழை பல்பு ஒன்றை மின்வழியில் தொடராக இணைப்பதே அது. பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் நலம். முழு வெளிச்சத்துடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று உள்ளது. பல்பு இல்லாவிட்டால் அந்த வெளிச்சம் ஐசி-யின் புகையாக வெளிப்பட்டிருக்கும்.

வீட்டில் செய்யத்தக்க பழுதுநீக்கம்

உயிரே இல்லாமை: முதலில் பிளக், கம்பி, பியூஸ் ஆகியவற்றை மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் பியூசையே போட வேண்டும். பியூஸ் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவது நம் ஊரில் பரவலான வழக்கம். பியூசின் விலை சில ரூபாய். கம்பி சுற்றினால் அடுத்து எரிவது டிரான்ஸ்பார்மர், சில வேளை வீடு.

இடைவிடாத 'உம்' ஓசை: ஒலியளவைச் சுழியத்துக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் ஓசை அதே அளவில் இருந்தால் குறை மின்வழங்கும் பகுதியில் உள்ளது. இது நொடிக்கு 100 அதிர்வு; பெரிய மின்தேக்கிகள் உலர்ந்ததன் அடையாளம். ஒலியளவுடன் ஓசையும் கூடிக் குறைந்தால் குறை உள்வரும் பக்கத்தில் உள்ளது. கம்பியின் வலையுறை அறுந்திருக்கும், அல்லது கணினி, டிவி வழியே நில இணைப்பு வளையம் உண்டாகியிருக்கும். உள்வரும் கம்பியைப் பிடுங்கினால் ஓசை நிற்பதே அதற்குச் சான்று. இந்த ஒரே சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

மின்தேக்கி மாற்றுதல்: மேல்தலை உப்பியவை, அடியில் கசிந்தவை, பக்கத்தில் வெடித்தவை ஆகியவற்றை மாற்ற வேண்டும். மைக்ரோபாரட் அளவு அதேயாக அல்லது சற்றுக் கூடுதலாகவும், வோல்ட் அளவு அதே அல்லது அடுத்த மேல்நிலையாகவும் இருக்கலாம். 4700 மைக்ரோபாரட், 25 வோல்ட் இருந்த இடத்தில் 4700 மைக்ரோபாரட், 35 வோல்ட், 105 பாகை எனக் கேட்டு வாங்கலாம். அளவைப் பல மடங்கு கூட்டினால் சுவிட்ச் போடும் கணத்தில் டயோடு அடிபடும். உடலில் வெள்ளைக் கோடுள்ள கால் எதிர்முனை. திருப்பிப் போட்டால் வெடிக்கும். கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கரகரப்பு: ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கரகர என்று கேட்டால் உள்ளிருக்கும் கரிப்பட்டையில் அழுக்கு ஏறியுள்ளது. மின்தொடர்புகளுக்கென விற்கும் தூய்மிப்பானைச் சிறிது தெளித்து, குமிழை இருபது முப்பது முறை இங்கும் அங்கும் திருக வேண்டும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் விட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். பிறகு தூசி ஒட்டி முன்னிலும் மோசமாகும்.

ஒரு பக்கம் மட்டும் ஊமை: உள்வரும் இடது, வலது ஊசிகளை மாற்றிச் செருக வேண்டும். ஊமை மறுபக்கத்துக்கு மாறினால் குறை கம்பியில் அல்லது பாட்டுக் கருவியில். மாறாவிட்டால் பெட்டிக்குள். உள்ளே, கனமான பாகங்களின் கால்களில் ஈயப்பற்று வட்டமாக விரிசல் கண்டிருக்கும். சூட்டுக்கோலால் தொட்டுப் புதிய ஈயம் சிறிது சேர்த்தால் சரியாகும்.

ஐசி மாற்றுதல்: ஒலிபெருக்கிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, பாட்டு இல்லாத நிலையில் வெளிவரும் முனைகளில் நேர்மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். பல வோல்ட் காட்டினால் ஐசி கெட்டுவிட்டது. கூம்பை இணைத்தால் சுருள் கருகும். புதியதைப் பொருத்தும்போது ஒரு நுட்பம் உண்டு. 'டிடிஏ 2030'-இன் உலோக முதுகு எதிர்மின் இணைப்புடன் சேர்ந்தது. அது வெப்பம் தணிக்கும் அலுமினியத் தகட்டை நேரடியாகத் தொட்டு, அத்தகடு நில இணைப்பைத் தொட்டால் குறுக்குச்சுற்று. எனவே பழைய மைக்காத் துண்டைத் தவறாமல் திரும்ப வைத்து, இருபுறமும் வெப்பப்பசை தடவ வேண்டும்.

கூம்பும் விளிம்பும்: கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக அழுத்தி விட வேண்டும். உரசும் ஓசை கேட்டால் சுருள் இடம் பெயர்ந்துள்ளது. 8 ஓம் ஒலிபெருக்கி மல்டிமீட்டரில் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். எண்ணே வராவிட்டால் சுருள் அறுந்தது. உரசலின்றி விளிம்பு மட்டும் உதிர்ந்திருந்தால் அதை வீட்டிலேயே மாற்றலாம். பழைய நுரையையும் பசையையும் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். 4, 5, 6, 8 அங்குல வளையங்கள் மின்னணு உதிரிக் கடைகளில் கிடைக்கும். எனினும் கூம்பின் விட்டத்தையும் சட்டத்தின் விட்டத்தையும் அளந்து கொண்டுபோவதே சரி. முதலில் வளையத்தைக் கூம்பில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு சட்டத்தில் ஒட்ட வேண்டும். சட்டத்தில் ஒட்டும்போது கூம்பை மெல்ல அசைத்து, எங்கும் உரசாத நடுநிலையைத் தேடி அங்கே நிறுத்த வேண்டும். காகிதக் கூம்புக்கு பெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். அவசரமின்றி நிலையைத் திருத்த அது நேரம் தரும். நெகிழிக் கூம்பில் அது ஒட்டாது. செருப்புத் தொழிலில் பயன்படும் ரப்பர் பசை உடனே பிடித்துக்கொள்வதால் நடுநிலை தவறிவிடும். அதன் கரைப்பான் நுரையையும் கெடுக்கலாம்.

பெரிய காகிதக் கூம்புள்ள பழைய வால்வு ரேடியோ ஒலிபெருக்கிகளுக்கு வளையம் கடையில் கிடைப்பது அரிது. அங்கே காலணி உள்ளுறைக்கு உதவும் மிக மெல்லிய ஆட்டுத்தோலை வளையமாக வெட்டி ஒட்டலாம். நூறாண்டுக்கு முன் செய்தது அதைத்தானே. தோல் மெல்லியதாகவும், எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வளைவதாகவும் இருக்க வேண்டும்.

முனை சோதனை: 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிரிலும் ஒருகணம் தொட்டால் கூம்பு முன்னே வர வேண்டும். இரண்டு பெட்டிகளில் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் அசைந்தால் அடியொலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 'பேஸ் இல்லை' என்று ஒதுக்கப்பட்ட பல பெட்டிகளுக்கு இந்தக் கம்பி மாற்றமே மருந்து.

எளிய தரமுயர்த்தல்

கீச்சொலிபெருக்கியின் முன்னே உள்ள சிறு மின்தேக்கி தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கிறது. அதன் எல்லை அதிர்வெண், 1-ஐ 2 × 3.14 × ஓம் × பாரட் என்னும் பெருக்கலால் வகுத்தால் கிடைக்கும். 8 ஓம், 4.7 மைக்ரோபாரட் என்றால் ஏறத்தாழ 4,230 அதிர்வு. வயதாகி அது 3.3 மைக்ரோபாரட்டாகச் சுருங்கினால் எல்லை 6,030-க்கு ஏறிவிடும். இடையே உள்ள ஒலிகள் மங்கும். நாதஸ்வரத்தின் கூர்மையும் பாடகரின் 'ச', 'ஷ' ஒலிகளும் தெளிவிழப்பது இதனால்தான். அங்கே அதே அளவுள்ள பிலிம் வகை மின்தேக்கியைப் போட்டால் உலர்ந்துபோகும் கவலை இல்லை.

பெட்டியின் மூட்டுகளில் காற்றுக் கசிந்தால் தச்சுப்பசையால் அடைக்கலாம். உள்சுவர்களில் பஞ்சோ தடித்த கம்பளித் துணியோ ஒட்டினால் 'டப்பா' ஓசை குறையும். ஆனால் காற்றுக்குழாயையும் வெப்பத் தகட்டையும் மூடக்கூடாது. அடியில் ரப்பர்க் கால்கள் வைப்பதும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும் செலவில்லாத முன்னேற்றங்கள்.

புளூடூத் பலகை சேர்ப்போர் அதற்குத் தனி 5 வோல்ட் மின்வழி தருவது நல்லது. பெருக்கியின் மின்வழியிலேயே இணைத்தால் பாட்டுக்கு நடுவே 'கிர்ர்' என்னும் இரைச்சல் கேட்கும்.

இன்றைய நிலை

உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டானதாகவும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரிக்கப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கூறுகிறது. இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்து, 2016-லும் 2022-லும் புதுப்பிக்கப்பட்டன. 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராயக் குழு ஒன்றை அமைத்தது.

இன்று விற்கும் கையடக்க ஒலிபெருக்கிகள் பலவற்றில் திருகாணியே இல்லை, பசையிட்டு மூடியவை. உள்ளிருக்கும் பேட்டரி தளர்ந்ததும் முழுப் பொருளும் குப்பையாகிறது. திருகாணியால் மூடிய, பாகங்களின் எண்கள் தெளிவாகத் தெரியும், டிரான்ஸ்பார்மர் உள்ள பழைய பெட்டி அதற்கு நேர்மாறானது. அதைத் திறக்கும் மாணவர் ஓம் விதியையும் மின்காந்தத் தூண்டலையும் கண்ணால் காண்கிறார். தெருமுனை ரேடியோ மெக்கானிக் கடைகள் கைபேசிக் கடைகளாக மாறிவிட்ட நிலையில், பல்லாண்டுக் கைத்திறன் எழுதிவைக்கப்படாமலே மறைகிறது. அந்தக் கடைகளில் இன்னும் சூட்டுக்கோல் பிடித்திருக்கும் முதியவர்களிடம் மாணவர்கள் ஒரு பழைய பெட்டியுடன் சென்று, அருகே அமர்ந்து கற்றுக்கொள்ளலாம். சீர்செய்யவே முடியாத பெட்டியிலும் டிரான்ஸ்பார்மர், வெப்பத் தகடு, கூம்பு ஆகியவை அடுத்த பெட்டிக்கு உதவும். எஞ்சிய மின்பலகையைக் குப்பையில் எரிக்காமல், உரிமம் பெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.